ஐந்து மாத வாடகை பாக்கி, கையில் ஒப்பந்தம் இல்லை: என்ன செய்யலாம்?

நீங்கள் இருப்பது கோயம்புத்தூரில். குன்னூரில் அப்பா கட்டிய வீட்டில், ரோட்டு மட்டத்தில் இருக்கும் பகுதியில் அம்மா தனியாக இருக்கிறார். படி இறங்கினால் வரும் கீழ் வீட்டை ஒரு குடும்பத்துக்கு மாதம் 8,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறீர்கள். அட்வான்ஸ் 25,000. எழுத்தில் எதுவும் இல்லை. ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. "கரண்டை நிறுத்தினால் தானாகக் கிளம்பிவிடுவார்கள் என்று பக்கத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா? இல்லை போலீசுக்குப் போகலாமா?" இதுதான் நீங்கள் கேட்டது. ஆனால் உங்கள் கேள்வியைப் படிக்கும்போது எனக்கு முதலில் தெரிந்தது அம்மாவின் நிலைமைதான். அந்த 8,000 அவருடைய மருந்துக்கும் மளிகைக்கும் போகிற பணம். அதைக் கேட்க வேண்டிய ஆளோ அவருக்குக் கீழேயே குடியிருக்கிறார், தினமும் முகத்தில் முழிக்க வேண்டும். ஆகவே சண்டை இல்லாமல் பணத்தை வாங்குவது எப்படி, முடியாவிட்டால் வீட்டைத் திரும்பப் பெறுவது எப்படி, அடுத்த தடவை இது நடக்காமல் இருக்க என்ன செய்வது என்று மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக ஒன்பது வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாகக் குன்னூரில் பத்திரம் எழுதுகிறேன். எனக்கே இரண்டு லைன் வீடுகள் வாடகைக்கு இருக்கின்றன. ஒப்பந்தம், நோட்டீஸ், ரசீது வரைக்கும் நான் தைரியமாகச் சொல்ல முடியும். வழக்கு எப்படிப் போகும் என்பதை உங்கள் காகிதங்களைப் பார்த்த ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கரண்ட். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், அதாவது 2017-ம் ஆண்டின் 'நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம்', மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் அப்படித்தான். பூட்டுப் போடுவதும் அதே கதை. ஒருவரைச் சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றினால், 1963-ம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உள்ளே வரலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. டி.வி.யை, கேஸ் சிலிண்டரைப் பாக்கிக்கு ஈடாக எடுத்து வைப்பதும் வேண்டாம்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு டிசம்பர் மாதம், ராத்திரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைகிற நேரம். ஏழு மாத பாக்கி வைத்த ஒரு வீட்டுக்கு, சொந்தக்கார அம்மா மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். மேஜையில் அதை வைத்து, "இப்ப நோட்டீஸ் எழுதுங்க" என்றார். அந்த வீட்டில் நான்கு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் குடியிருப்பவர் புகார் கொடுத்துவிட்டார். அதுவரை பாக்கிக்காரராக இருந்தவர் ஒரே ராத்திரியில் பாதிக்கப்பட்டவர் ஆகிவிட்டார். பேச்சு முழுக்க ஃபியூஸைப் பற்றித்தான் போனது, ஏழு மாத வாடகையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த அம்மாவுக்கு நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கட்டையைத் தொட்டதால் அவருக்குக் கூடுதலாக எட்டு மாதம் போயிற்று.

போலீசைப் பற்றி: வாடகை தராதது சிவில் விவகாரம். ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசி அனுப்பலாம், காலி செய்ய வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. மிரட்டல், அடிதடி, வீட்டுக்குச் சேதம் என்று ஏதாவது நடந்தால் மட்டும் அங்கே போங்கள். அம்மா தனியாக இருப்பதால் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது உண்மையான வேலைக்கு வருவோம். அவர் ஏன் தரவில்லை என்று யாராவது உட்கார்ந்து கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அவர் சிம்ஸ் பூங்கா பக்கம் சாக்லேட், தைலம் விற்கிற கடை வைத்திருக்கிறார் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அந்த ஒரு வரியிலேயே பாதி விஷயம் புரிந்தது. மலையில் சம்பளக்காரர் வேறு, சீசன்காரர் வேறு. அருவங்காடு தொழிற்சாலையில் இருப்பவருக்கும் வெலிங்டன் ராணுவ முகாமில் இருப்பவருக்கும் மாதம் பிறந்தால் பணம் வரும். பூங்கா பக்கம் கடை வைத்தவருக்கும், டாக்ஸி ஓட்டுபவருக்கும், லாட்ஜில் வேலை பார்ப்பவருக்கும் பணம் ஏப்ரல், மே மாதங்களில் வரும், அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம் வரும். ஜூன் பிறந்து மழை பிடித்தால் கல்லாவில் ஒன்றும் விழாது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அந்த வாரம் முழுக்கப் போயிற்று. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு சின்னக் கடைக்காரர்கள் பலர் வியாபாரம் பற்றி என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவருக்கு வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை. சீசன்காரரிடம் பன்னிரண்டு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை என்று வாய்ப்பேச்சாக விட்டால், மழைக்காலத்தில் பாக்கி விழுவது ஏறக்குறைய நிச்சயம். அதை ஒப்பந்தத்திலேயே சரி செய்யலாம், கடைசியில் சொல்கிறேன்.

என் அனுபவத்தில் தராதவர்கள் பெரும்பாலும் இரண்டு விதம். பணம் இல்லாமல் தள்ளிப்போடுபவர் போனை எடுப்பார், எதிரே வந்தால் தலையைக் குனிவார், இரண்டாயிரம் மூவாயிரமாவது கொண்டு வந்து கொடுப்பார். தரக்கூடாது என்று முடிவெடுத்தவர் பேச்சை மாற்றுவார். "கூரை ஒழுகுது", "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க", "உங்க பையன்கிட்ட பேசிக்கிறேன்" என்று ஒவ்வொரு மாதமும் புதுக் காரணம் வரும். முதல் ஆளோடு உட்கார்ந்து பேசினால் முக்கால்வாசி தீரும். இரண்டாவது ஆளோடு பேசப் பேச உங்களுக்கு மாதம் போகும். எப்படியானாலும், முதல் மாதம் தவறியபோதே ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது போயிருக்க வேண்டும். நம் ஊரில் கேட்கவே கூச்சப்படுகிறோம். மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு நான்காவது மாதம் கத்துகிறோம். பாக்கி பெருகப் பெருக அவரால் கட்ட முடியாத தொகையாகிவிடுகிறது. அப்புறம் நல்ல ஆளும் ஒளிய ஆரம்பிக்கிறார்.

அடுத்து, உங்கள் வீட்டுக்கு எந்தச் சட்டம் என்று பார்க்க வேண்டும். நான் சொன்ன 2017-ம் ஆண்டுச் சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. குன்னூர் நகராட்சிக்கும், கேத்தி, ஜெகதளா, உலிக்கல் மாதிரி பேரூராட்சிகளுக்கும் அது வரும். கிராம ஊராட்சியில் இருக்கும் வீட்டுக்கு 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான். அங்கே மாத வாடகைக்காரருக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து, சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். மலையில் ஒரு வளைவு திரும்பினால் நகராட்சி முடிந்து ஊராட்சி வந்துவிடும், ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்து யார் வசூலித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வீடு நகராட்சி என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே நேரில் வாருங்கள், அம்மாவைக் கேட்க விடாதீர்கள். வரும்போது ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்தெந்த மாதம், எவ்வளவு, மொத்தம் 40,000. அதை அவரிடம் கொடுத்து, "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று அவர் கையெழுத்தில் எழுதி வாங்குங்கள். வாடகை பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு. அந்தக் காலத்துக்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாகக் கணக்குத் தொடங்கும். அதைவிடப் பெரிய பயன், "நான் வாடகைக்காரனே இல்லை", "வாடகை அஞ்சாயிரம்தான்" என்று பிறகு பேச முடியாது. அவர் இதுவரை ஜிபே-யில் அனுப்பிய வாடகையின் பதிவுகள், அம்மாவின் பாஸ்புக், "அடுத்த வாரம் தர்றேன்" என்று வந்த செய்திகள் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாத உங்களுக்கு இவைதான் சாட்சி.

அதே உட்காரலில் ஒரு வாடகை ஒப்பந்தமும் போடப் பாருங்கள். பாக்கி வைத்தவர் எதற்குக் கையெழுத்துப் போடுவார் என்று கேட்பீர்கள். அவருக்கும் அது வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கேஸ் இணைப்பு மாற்ற, ஆதாரில் முகவரி மாற்ற என்று ஒப்பந்தம் கேட்டு என்னிடம் வருபவர்களில் குடியிருப்பவர்களே அதிகம். பாக்கியைத் தவணையாகப் பிரியுங்கள். மாத வாடகையோடு 2,000, சீசன் மாதங்களில் 8,000 என்று அவர் வருமானத்துக்கு ஏற்ற மாதிரி தேதி போட்டு எழுதுங்கள். முடியவே முடியாது என்றால், "இந்தத் தேதிக்குள் காலி செய்கிறேன்" என்று எழுதி வாங்குங்கள். பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாவது சீக்கிரம் சாவியை வாங்குவது சில நேரம் லாபம். இது என் கருத்துதான், உங்கள் மனசுக்கு ஒப்பினால் செய்யுங்கள். அட்வான்ஸ் கழித்தால் உங்களுக்கு வரவேண்டியது இன்று 15,000. இன்னும் ஆறு மாதம் இழுத்தால் அது 63,000 ஆகும்.

அவர் கையெழுத்துப் போடவில்லை, பேச்சுக்கும் வரவில்லை என்றால் நோட்டீஸ். அந்த 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 21-வது பிரிவு, இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் முழுமையாகக் கட்டாவிட்டால், வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற முடியாது, பணம் வந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் ஒருமுறை அந்தச் சலுகையைப் பெற்றவர், பிறகு ஒரு வருடத்துக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அதே சலுகை மறுபடி கிடைக்காது. நோட்டீஸை வழக்கறிஞர் மூலமே அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும்படி கேட்டு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தால் பதறாதீர்கள், உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய தபால் சேர்ந்ததாகவே பொதுவாகக் கருதப்படும்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது. இனி சொல்வதில் அவ்வளவு உறுதி கிடையாது. எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அப்படி இல்லாத வீடுகளுக்கான மனுக்களைக் கோர்ட்டுகள் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் போடாததையே காலி செய்யக் காரணமாகக் காட்டிய வழக்குகளும் உண்டு. உங்களுக்கு எந்த வழி பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் இதே கேள்வியாகக் கேளுங்கள். எவ்வளவு நாளாகும் என்றும் யாராலும் தேதி சொல்ல முடியாது. வாடகைச் சட்டம் பழைய 1960-ம் ஆண்டுச் சட்டத்தைவிட வேகமாக முடிக்கவே கொண்டுவரப்பட்டது, ஆனாலும் சில மாதங்கள் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உத்தரவு கிடைத்தாலும், வீடு திரும்புவது ஒன்று, பாக்கிப் பணம் கைக்கு வருவது இன்னொன்று. சம்பளம், சொத்து எதுவும் இல்லாதவரிடம் தீர்ப்பை வைத்துக்கொண்டு பணம் பெறுவது கஷ்டம். அதனால்தான் பேசித் தீர்ப்பதை முதலில் வைத்தேன்.

செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அம்மா பெயரில், கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவும் செய்வார்கள். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசமாகி உத்தரவு வந்துவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. சாக்லேட் கடைக்காரர் மாதிரி ஊரில் பெயர் முக்கியமான ஆட்களோடு இந்த வழி நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

கூரை ஒழுகல் காரணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் இது பெரும்பாலும் பொய்க் காரணம் இல்லை. ஜூன், ஜூலையில் படி இறங்கிப் போகிற வீடுகளின் பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கும், ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பூக்கும், குழந்தைக்கு இருமல் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது உள்ளே போய் அந்தச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். சுவர், கூரை, வயரிங், பைப் மாற்றுவது போன்றவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, கீசர் பழுது மாதிரி உபயோகத்தில் வருவது, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, குடியிருப்பவர் பொறுப்பு. உங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்து, போட்டோ எடுத்து, பில்லை வையுங்கள். கோர்ட்டில் அவர் சொல்லக்கூடிய பலமான ஒரே வாதம் அதோடு போய்விடும். அதைவிட, அந்தக் குழந்தையின் இருமலும் நிற்கும்.

இனி அடுத்து வருபவருக்கு. வீட்டைப் பார்க்க வந்த அன்றே அட்வான்ஸ் வாங்காதீர்கள். எங்கே வேலை, முன்பு எந்த வீட்டில் இருந்தார் என்று கேட்டு, அந்தப் பழைய வீட்டுக்காரரிடம் போனில் ஐந்து நிமிடம் பேசுங்கள். நான் சொல்வதிலேயே அதிகப் பலன் தருவது இந்த ஐந்து நிமிடம்தான். பதினொரு மாதம் என்று எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். காலம் எவ்வளவானாலும் எழுத்து வேண்டும், அதை வாடகை ஒப்பந்தங்களுக்கான அரசு இணையதளத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். விவரம் வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் கேளுங்கள். வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது சட்டம். அந்த மூன்று மாதம் பாதுகாப்புக்காக இருக்கிறது, மாத வாடகையில் கழிக்கக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். கீழ் வீட்டுக்குத் தனி சப் மீட்டர் போடுங்கள். நம் குளிரில் கீசரும் ஹீட்டரும் ஓடுகிற வீட்டில் கரண்ட் பில்தான் முதல் சண்டை, வாடகை நிற்பது அதற்கு அப்புறம். சீசன்காரர் என்றால் மழை மாதங்களில் 6,500, ஏப்ரல், மே, அக்டோபரில் கூடுதல் என்று வருட மொத்தம் குறையாமல் பிரித்து எழுதலாம். நான் எழுதிய இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் தகராறு என்று திரும்பி வந்தவை மிகக் குறைவு.

வாடகையை அம்மாவின் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். கையில் வாங்கினால் ரசீது கொடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். இடது பக்கம் தேதி, நடுவில் தொகை, வலது பக்கம் கொடுத்தவர் கையெழுத்து. ஓதம் ஏறாமல் இருக்கப் பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்திருப்பார். ஒருமுறை தகராறு வந்தபோது வழக்கறிஞர் அந்த நோட்டை மேஜையில் வைத்தார். எதிர்த்தரப்பு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அன்றே தவணைக்கு ஒப்புக்கொண்டது.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. அப்பா காலமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வரியும் மின் இணைப்பும் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் தாசில்தார் அலுவலகம் மூலம் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் கலந்துகொள்ளுங்கள். பங்காளிகளில் ஒருவரே காலி செய்யக் கேட்டு வழக்குப் போட முடியும், ஆனால் ஒருவர் நோட்டீஸ் அனுப்ப, இன்னொருவர் "நீங்க இருங்க" என்று போனில் சொன்னதைக் கேட்டவன் நான்.

அவர் காலி செய்கிற நாள் வந்தால், பகல் வெளிச்சத்தில், நீங்கள் இருக்கும்போது சாவியை வாங்குங்கள். மீட்டர் ரீடிங்கை இரண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுங்கள். "வீட்டை ஒப்படைத்துவிட்டேன், சாவி கொடுத்துவிட்டேன்" என்று தேதி போட்டு ஒரு வரி எழுதி வாங்குங்கள். பாக்கி, கரண்ட், சேதம் போக அட்வான்ஸில் மீதி ஏதாவது இருந்தால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து அதற்கும் கையெழுத்து வாங்குங்கள். மீதி இல்லையென்றாலும் கணக்குத் தாளில் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.